யாரும் கேட்காத படங்கள்



இன்று மாலை ஒரு சிறிய படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெரிய அரண்மனைச் சுவரில் தொங்கிய படம் அல்ல அது. யாரும் காசு கொடுத்து வரையச் சொன்னதும் அல்ல. ஒரு குடும்பத்தின் ஆல்பத்துக்குள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த நீர்வண்ணப் படம். சிலர் சேர்ந்து ஒரு கூடத்தின் சுவரில் வண்ணக் காகிதம் ஒட்டுகிறார்கள். படத்தில் நடப்பது அவ்வளவுதான்.

இடம், இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் நியூபோர்ட் பாக்னல் என்ற ஊரை ஒட்டிய டிக்ஃபோர்டு பார்க். நாள், 1816 செப்டம்பர் 2. வரைந்தவர் டயானா ஸ்பெர்லிங். 1791இல் பிறந்தவர், அப்போது இருபத்தைந்தை ஒட்டிய வயது. டிக்ஃபோர்டு பார்க் அவருடைய சொந்த வீடு அல்ல, உறவினரான வான் ஹேகன் குடும்பத்தின் வீடு. ஸ்பெர்லிங் குடும்பம் வாழ்ந்தது எசெக்ஸில் ஹால்ஸ்டெட் அருகிலுள்ள டைன்ஸ் ஹால் என்ற மாளிகையில். உறவு வீட்டுக்குப் போன இடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு வேலையில் இறங்குகிறார்கள். அதைப் பார்த்த ஒரு பெண் அதே கையோடு தாளை எடுத்து வரைந்து, அடியில் நாளையும் குறித்து வைக்கிறார்.

முதலில் அந்த வேலையைப் பார்ப்போம். இன்று வால்பேப்பர் என்றால் கடையில் சுருளாக வாங்கி வந்துவிடுகிறோம். 1816இல் அப்படி இல்லை. காகித ஆலையின் இயந்திரம் நீளமான தாளை உருட்டித் தரக் கற்றுக்கொண்டிருந்தாலும், வரி விதிப்பவர்களின் சட்டப்படி வால்பேப்பரைத் தனித்தனித் தாள்களை ஒட்டியே செய்ய வேண்டியிருந்தது. சிறு தாள்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி, 12 கெஜ நீளத்துக்கு ஒரு துண்டாக்குவார்கள். அதன்மேல் தூரிகையால் அடிவண்ணம் பூசி, காய்ந்த பிறகு மர அச்சுக்கட்டையால் பூவும் கொடியும் பதிப்பார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை. நாலு நிறமென்றால் அதே தாள் நாலு முறை கட்டையின் கீழ் போய்வர வேண்டும். இத்தனைக்கும் மேலே வரி. 1712இல் ஆன் அரசி காலத்தில் போட்ட அந்த வரி 1836 வரை நீங்கவில்லை. வரி கட்டியதற்கு அடையாளமாகத் தாளின் முதுகில் அரசாங்க முத்திரை விழும்.

ஆகவே அந்தக் கூடத்தில் விரித்திருந்த ஒவ்வொரு துண்டும் விலை உயர்ந்தது. கோணலாக வெட்டினால் நட்டம். மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டிய பசையைத் தாளின் முதுகில் தடவினால், தாள் ஈரத்தில் ஊறிக் கனத்துவிடும். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கனம் தெரியும். மேலே ஏறி நிற்பவர் தலைப்பை ஒட்டிப் பிடிக்க வேண்டும். கீழே நிற்பவர் அது கிழியாமலும் கோணாமலும் தாங்க வேண்டும். பக்கத்துத் தாளின் பாதிப் பூ, இந்தத் தாளின் பாதிப் பூவோடு வந்து பொருந்த வேண்டும். ஒருவர் மட்டும் செய்து முடிக்கிற வேலையே அல்ல இது. பசை தடவ ஒருவர், ஏறி ஒட்ட ஒருவர், எடுத்துக் கொடுக்க ஒருவர் என்று வீடே கூடிச் செய்ய வேண்டியது.

டயானாவின் படத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் வீட்டுக்காரர்கள். நிலமும் வேலைக்காரர்களும் உள்ள குடும்பம். இடுப்பு மார்புக்குக் கீழே ஏறி நிற்கிற அந்தக் கால நீண்ட உடை உடுத்திய பெண்கள். ஜேன் ஆஸ்டின் நாவல்களைப் படமாக்கியவற்றில் இந்தப் பெண்களைப் பியானோ முன்னாலும் நடனக் கூடத்திலும் தேநீர் மேசையிலும் பார்த்திருப்பீர்கள். கையில் பசையோடு பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு சீமான் வீட்டுப் பெண் தன் கூடத்துச் சுவருக்குத் தானே காகிதம் ஒட்டுவாள் என்பதை எனக்கு முதன்முதலில் சொன்னது ஒரு வரலாற்று நூல் அல்ல, இந்தப் படம்தான்.

ஏன் இதை வேறு எவரும் வரையவில்லை என்று யோசித்தேன். குடும்பங்களை வரைந்தவர்கள் அந்த நாட்டில் இல்லாமல் இல்லை. முந்தைய நூற்றாண்டில் ஆர்தர் டெவிஸ், யோஹான் சோஃபனி போன்ற தேர்ந்த கைகள் குடும்பம் கூடியிருக்கும் படங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். சோஃபனி இந்தியாவுக்கே வந்து கல்கத்தாவிலும் லக்னோவிலும் கம்பெனிக்காரர்களின் குடும்பங்களை வரைந்தவர். ஆனால் அப்படி ஓவியரை அழைக்கிற வீடு, சுவரில் காகிதம் ஒட்டி முடிந்து, பசை வாளியைக் கழுவிக் கவிழ்த்து, எல்லோரும் நல்ல உடை உடுத்திக்கொண்ட பிறகுதான் அழைக்கும். காசு கொடுப்பவர் தாம் எப்படித் தெரிய விரும்புகிறாரோ அப்படித்தான் படம் அமையும். அது ஓவியரின் குற்றமும் அல்ல. மறுபக்கம் தாமஸ் ரோலண்ட்சன் போன்ற கேலிச் சித்திரக்காரர்கள் அதே சமூகத்தின் தொப்பையையும் தடுமாற்றத்தையும் வரைந்து விற்றார்கள். அவர்களுடைய கோட்டில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் அது வெளியிலிருந்து பார்க்கிற கண்.

டயானாவின் கண் வீட்டுக்குள் இருக்கிறது. தாளைப் பிடிக்கிற பெண்ணும் அவரும் அன்று இரவு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறவர்கள். அவர் வரைந்ததைப் பார்க்கப் போகிறவர்களும் அவர்களே. யாரைக் கவரவும் தேவை இல்லை, யாரை இடித்துரைக்கவும் தேவை இல்லை. யாரும் கேட்காத படம் என்று நான் சொல்வது இதைத்தான். கேட்டு வாங்குகிற படத்தில் இடம் பெறாத ஒரு பொருள், கேட்காத படத்தில் தானே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பசையும் சேறும் ஈயும் அப்படி வந்தவை.

ஈ என்றேன். அவருடைய தாயார் ஈ அடிக்கிற படம் ஒன்று இருக்கிறது. வீட்டுப் பணிப்பெண் உதவிக்கு நிற்கிறார், அடிபட்டு விழுகிற ஈக்களை ஏந்திக்கொள்வது அவர் வேலை. அந்தக் காட்சிக்கு டயானா எழுதிய தலைப்பு ஒரு போர்க்களச் செய்தியின் மொழியில் இருக்கிறது. கொலை நடக்கிறது, மாண்டவர்களும் காயம்பட்டவர்களும் இருக்கிறார்கள். நெப்போலியனோடு நடந்த நீண்ட யுத்தத்தின் செய்திகளைச் செய்தித்தாளில் படித்து வளர்ந்த தலைமுறை அது. ஒரு வீட்டின் சிரிப்புக்குள் ஐரோப்பாவின் போர் எப்படி வந்து சேர்ந்தது என்பதை அந்த ஒரு தலைப்பு காட்டிவிடுகிறது.

இன்னொரு படத்தில் மின்பொறி. ஹென்றி என்ற உறவினர் அதை இயக்க, குடும்பத்தார் கைகோத்து நிற்கிறார்கள். கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி உருளை தோலில் உரசி மின்னேற்றம் பெறுகிற பொறி அந்தக் காலத்தில் வசதியான வீடுகளில் விளையாட்டுச் சாமானாகவும் இருந்தது. கைகோத்தவர்களின் வழியாக அதிர்ச்சி ஒருவர் உடம்பிலிருந்து அடுத்தவர் உடம்புக்குப் பாயும். 1746இல் பிரான்சில் அபே நொலே அரசர் முன்னிலையில் 180 காவல் வீரர்களை இப்படி நிறுத்தித் துள்ள வைத்தார். அறிவியல் வரலாற்று நூல்களில் நொலேயும் வீரர்களும் இருப்பார்கள். அந்த அதிர்ச்சி ஒரு கிராமத்து மாளிகையின் மாலைப் பொழுதுக்கு வந்து, அம்மாவும் தங்கையும் விருந்தாளியும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது டயானாவின் ஆல்பத்தில் இருக்கிறது.

1816 என்பது ஐரோப்பாவுக்குக் கோடையே வராமல் போன ஆண்டு. முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து எழுப்பிய சாம்பலும் கந்தகமும் வானத்தை மறைத்ததால் குளிரும் மழையும் ஓயவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் அந்த மழையில் அடைபட்டிருந்த நாட்களில்தான் மேரி ஷெல்லி ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கதையைத் தொடங்கினார். வீட்டுக்குள்ளிருந்து செய்யும் வேலைகளுக்கு ஏற்ற ஆண்டு அது. டிக்ஃபோர்டு பார்க்கில் கூடத்துக்குக் காகிதம் ஒட்டியதும் அந்த ஆண்டில்தான் என்பதை நினைத்துக்கொண்டு படத்தைப் பார்க்கிறேன்.

1812 முதல் 1823 வரை டயானா வரைந்தவற்றில் ஏறத்தாழ எழுபது படங்கள் 1981இல் லண்டனில் கொலான்ஸ் வெளியீடாக ஒரு நூலாக வந்தன. பொருளாதார வரலாற்றாசிரியர் கார்டன் மிங்கே விளக்கம் எழுதினார். அதற்கு முன்னால் அந்தப் படங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தன. நடனம், கழுதைச் சவாரியில் கீழே விழுவது, விருந்துக்குச் சேற்றில் நடந்து போவது, பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று ஓடுகிறது அந்தப் பதினோரு ஆண்டு வாழ்க்கை.

சேற்றில் நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மெல்லிய துணியில் வெளிர் நிற உடை, கணுக்காலைத் தொடுகிற ஓரம். அந்த உடையோடு ஈரப் பாதையில் நடந்தால் என்ன ஆகும் என்பதை உடை அருங்காட்சியகங்கள் காட்டுவதில்லை. அங்கே இருப்பவை துவைத்து மடித்துப் பத்திரப்படுத்தியவை. டயானா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்கிற பெண்களை வரைகிறார். உடலின் அந்த வளைவும், காலை எங்கே வைப்பது என்று தேடுகிற குனிவும், தானும் அப்படி நடந்தவருக்குத்தான் கைவரும்.

அவருடைய குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நான் முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தவன். அந்தக் கண்ணோடு பார்த்தால் முகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கின்றன. அறையின் ஆழம் சில படங்களில் சரியாக அமையவில்லை. தரைவிரிப்பு சாய்ந்து நிற்கிறது. கைவிரல்களை அவர் விரிவாக வரைவதில்லை. ஆனால் ஓர் உடல் எதைச் செய்துகொண்டிருக்கிறது என்பது எந்த உருவத்திலும் தப்பவில்லை. சுமக்கிறவர் சுமக்கிறார், இழுக்கிறவர் இழுக்கிறார், தடுமாறுகிறவர் தடுமாறுகிறார். உடற்கூறு கற்பிக்கிற பள்ளிகளில் ஐந்தாண்டு படித்தும் இதைப் பெறாதவர்கள் உண்டு. இது ஒவ்வொரு நாளும் பார்ப்பதால் வருவது.

அந்தக் காலத்துப் பெண்கள் வரையக் கற்றுக்கொண்டது புதிதல்ல. வசதியான வீட்டுப் பெண்ணுக்குப் பாட்டு, பிரெஞ்சு மொழி, தையல்வேலை ஆகியவற்றோடு நீர்வண்ணமும் ஒரு தகுதி. திருமணச் சந்தையில் அது எண்ணப்பட்டது. ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலில் கதாநாயகி தன் தோழியை நீர்வண்ணத்தில் வரைவது உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் ஆசிரியர்கள் கற்றுத் தந்தது பூக்களை வரையவும், இடிந்த கோட்டைகளை வரையவும், அச்சுப்படங்களைப் பார்த்து நகலெடுக்கவும். லண்டன் ஸ்ட்ராண்டு வீதியில் ருடால்ஃப் ஆக்கர்மன் நடத்திய கடையில் நகலெடுப்பதற்காகவே படங்களை வாடகைக்கு விட்டார்கள். அதே பெட்டியும் அதே தூரிகையும் கையில் இருந்தும், கோட்டையை விட்டுவிட்டு அம்மா ஈ அடிப்பதை வரைய வேண்டும் என்று டயானாவுக்கு எவரும் சொல்லித் தந்திருக்க முடியாது. அதை அவரே கண்டுபிடித்தார். இத்தகைய வேலைக்குப் பொழுதுபோக்கு என்று நாம் ஒரு சொல் வைத்திருக்கிறோம். எனக்கு அந்தச் சொல் உடன்பாடில்லை. அவர் பொழுதைப் போக்கவில்லை, போகிற பொழுதைப் பிடித்து நாள் குறித்து வைத்தார்.

அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் இந்தப் படங்கள் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீர்வண்ணம் வேண்டுமென்றால் நிறப்பொடியைக் கல்லில் அரைத்து, வேல மரத்துப் பிசினில் குழைத்து, அவரவரே தயார் செய்துகொள்ள வேண்டும். பட்டறை வைத்தவருக்கு அது ஆகும், வீட்டில் இருப்பவருக்கு ஆகாது. வில்லியம் ரீவ்ஸ், தாமஸ் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் வண்ணத்தைச் சிறு வில்லைகளாக வார்த்தார்கள். ஈரத் தூரிகையால் தேய்த்தால் கரைந்து வரும் வில்லை. லண்டன் கலைச் சங்கம் 1781இல் அதற்கு வெள்ளிப் பரிசு கொடுத்தது. அதன் பிறகு ஒரு பெட்டி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு தாள் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. அந்தச் சிறு பெட்டிக்குள் உலகமே இருந்தது. அவுரி நீலத்தில் பெரும்பகுதி வங்காளத்திலிருந்து கப்பலேறியது. சிவப்பு, மெக்சிகோவின் கள்ளிச்செடியில் வாழும் பூச்சியிலிருந்து வந்தது. மஞ்சள், கம்போடியப் பக்கத்து மரத்தின் பாலிலிருந்து.

இந்த வண்ணத்தின் தன்மையும் ஓய்வு நேரத்துக்கு ஏற்றதாக அமைந்தது. எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும், அறை முழுக்க வாடை வீசும், தனி இடம் வேண்டும். நீர்வண்ணம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். விருந்தாளி வருகிறார் என்றால் மூடி வைத்துவிட்டு எழுந்து போகலாம். ஆனால் திருத்த இடம் கொடுக்காது. ஈரம் இருக்கும்போதே கை ஓட வேண்டும். பாதி காய்ந்த இடத்தில் மறுபடியும் தூரிகையை வைத்தால் ஓரம் கிழிந்தாற்போலக் கறை விழும், அதை எடுக்கவே முடியாது. வெள்ளைக்குப் பெரும்பாலும் தனி வண்ணம் வைப்பதில்லை, வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விட வேண்டும். ஒரு பெண்ணின் வெள்ளை உடையை வரைவது என்றால் அந்த உடையைச் சுற்றியுள்ள அறையை வரைவது. டிக்ஃபோர்டு பார்க் கூடத்தில் நிற்கிற பெண்களின் உடைகள் பெரிதும் அவர் வண்ணம் வைக்காமல் விட்ட தாள்தான். எங்கே கையை நிறுத்துவது என்று தெரிந்திருக்கிறது.

அதே காலத்தில் வேறொரு வீட்டில் ஓர் அக்கா, ஒரு தங்கை. ஜேன் ஆஸ்டினின் அக்கா கசாண்ட்ரா 1810ஐ ஒட்டிய ஒரு நாளில் தங்கையைப் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்தார். முகத்துக்கு மட்டும் வண்ணம், உடலுக்கு வெறும் பென்சில் கோடு, முடிக்காத படம். அந்த எழுத்தாளரின் முகத்தை நேரே காட்டுகிறது என்று உறுதியாகச் சொல்லத்தக்கதாக அதுதான் நமக்கு இருக்கிறது. உள்ளங்கை அளவுதான், லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. கைகளைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக்கி, பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பெண். தங்கை வேறெங்கோ யோசனையில் இருக்கும்போது அக்கா பார்த்த முகம்.

1870ஐ ஒட்டி ஆஸ்டினின் வாழ்க்கை வரலாற்றை அவருடைய அண்ணன் மகன் எழுதியபோது நூலுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. வேறொருவரைக் கொண்டு அந்த முகத்தைத் திருத்தி வரையச் செய்தார்கள். வாய் இளகியது, கண் பெரிதானது, கன்னம் மென்மையாயிற்று. 2017இல் பிரிட்டனின் பத்து பவுண்டு நோட்டில் அச்சான முகம் அந்தத் திருத்திய வழியில் வந்தது. ஒரு கேட்காத படத்துக்கும் கேட்டு வாங்கிய படத்துக்கும் உள்ள இடைவெளியை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது. எனக்கு வேண்டியது அக்கா வரைந்த அந்த இறுகிய வாய்தான்.

இனி இன்னொருவரைப் பற்றி. இவரைப் பற்றிப் பேசும்போது மனம் கனக்கிறது. மேரி எல்லன் பெஸ்ட், 1809இல் யார்க் நகரத்தில் பிறந்தவர். மருத்துவரின் மகள், சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். பாட்டியின் வீடு யார்க்ஷயரின் லாங்டன் ஹால். அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்துபோனவர்களில் ஒருவர் ஆன் லிஸ்டர். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைச் சங்கேத எழுத்தில் எழுதி, ஐம்பது லட்சம் சொற்கள் அளவுக்கு நாட்குறிப்பு விட்டுச் சென்ற அதே லிஸ்டர். மேரி எல்லனுடைய தாயின் சகோதரி இசபெல்லா நார்க்ளிஃப், லிஸ்டரின் நெருங்கிய தோழி. ஆக அந்த வீட்டு வாழ்க்கை ஒரு பெண்ணின் பேனாவிலும் இன்னொரு பெண்ணின் தூரிகையிலும் பதிவாகியிருக்கிறது. இப்படி ஒரு பேறு எத்தனை வீடுகளுக்குக் கிடைக்கும்?

மேரி எல்லனின் கை டயானாவின் கையைவிடப் பல மடங்கு தேர்ந்தது. லாங்டன் ஹாலின் உணவறையில் குடும்பம் காலை உணவு உண்ணும் படத்தில் மேசைவிரிப்பின் வெண்மையும் சுவரில் தொங்கும் மூதாதையர் படங்களும் ஒரே கவனத்தோடு வந்திருக்கின்றன. சமையலறைகளை வரைந்தார். ஏழைகளின் குடிசைகளுக்குள் போய் வரைந்தார். பெரிய வீட்டின் கூடத்துக்குக் கொடுத்த அதே பொறுமையைக் குடிசையின் அடுப்படிக்கும் கொடுத்தார் என்பதே அவர்மேல் எனக்குள்ள மரியாதைக்குக் காரணம். பீங்கான் தட்டு எந்த வரிசையில் அடுக்கியிருந்தது, தரைவிரிப்பின் பூவேலை சுவரோரத்தில் எப்படி முடிந்தது, நாற்காலி எங்கே நகர்ந்திருந்தது என்பதெல்லாம் இருக்கிறது. இன்று பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற அறிஞர்கள் 1830களின் ஆங்கில வீட்டின் உட்புறத்தை அறிய அவர் படங்களைத் தேடிப் போகிறார்கள்.

1830இல் லண்டன் கலைச் சங்கம் அவருடைய ஓர் அசைவில் பொருள் ஓவியத்துக்குப் பதக்கம் கொடுத்தது. ரீவ்ஸ் சகோதரர்களின் வில்லைகளுக்குப் பரிசு தந்த அதே சங்கம். கண்காட்சிகளுக்கு அனுப்பினார், விற்றார், எதை யாருக்குக் கொடுத்தார் என்று பட்டியல் எழுதி வைத்தார். பாட்டியும் தாயும் அடுத்தடுத்து மறைந்த பிறகு கையில் சொத்து வந்தது. தனியே ஒரு வீடு அமைத்துக்கொண்டு, அதில் வரைவதற்கென்றே ஓர் அறை ஒதுக்கினார். அந்த அறையில் சுவரெல்லாம் படங்கள் மாட்டி, நடுவில் தாம் அமர்ந்து வரைவதையும் வரைந்திருக்கிறார். 1830களின் கடைசியில் வரைந்த அந்தப் படம் இப்போது யார்க் ஓவிய அரங்கில் இருக்கிறது.

1840இல் யோஹான் ஆன்டன் சார்க் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியரை மணந்தார். விருப்பத்தோடு செய்த திருமணம். ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தார், மூன்று குழந்தைகள் பிறந்தன. பிள்ளைகளையும் புது வீட்டு அறைகளையும் சில காலம் வரைந்தார். பிறகு படங்கள் அருகி, 1850களுக்குள் ஏறக்குறைய நின்றே போயின. அவர் இறந்தது 1891இல், டார்ம்ஷ்டாட் நகரத்தில். இடையில் நாற்பது ஆண்டுகள்.

அந்த நாற்பது ஆண்டுகளைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கை மறந்துவிடவில்லை, கண் மங்கிவிடவில்லை. யாரும் தடுத்ததாகவும் தெரியவில்லை. 1839இல் புகைப்படக் கலை வெளியாகிவிட்டது, வீட்டு உருவங்களைப் பதிக்க வேறு வழி வந்துவிட்டது என்று ஒரு காரணம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஓய்வு நேரத்தை வேறொருவர் உண்டாக்கித் தர வேண்டியிருக்கிறது. யார்க்கில் அவருக்கு அடுப்பு மூட்டிய, துணி துவைத்த கைகள் வேறு. அந்தக் கைகளையும் அவர் சமையலறைப் படங்களில் வரைந்திருக்கிறார். ஒரு பெண் தனியாக இருந்த காலத்தில் அவளுடைய மணிநேரம் அவளுடையதாக இருந்தது. மூன்று குழந்தைகளின் தாயான பிறகு அது வீட்டுக்குச் சொந்தமாகிவிட்டது. சம்பளத்துக்கு வரைகிறவரென்றால், படம் நின்றால் பணம் நிற்கும், அதனால் வீடே அந்த நேரத்தைக் காத்துக் கொடுத்திருக்கும். யாரும் கேட்காத படம் நின்றால் கேட்பதற்கு ஆள் இல்லை. அந்தச் சுதந்திரத்தின் மறுபக்கம் இது.

அவர் சேர்த்து வைத்திருந்த விளையாட்டுப் பொம்மைகள் பேரனிடம் போய்ச் சேர்ந்தன. மூத்த மகன் குவாத்தமாலாவில் காப்பித் தோட்டம் வைத்தவர். அங்கே 1880இல் பிறந்த பேரன் டோனி சார்க், பின்னாளில் அமெரிக்காவில் பெயர் பெற்ற பொம்மலாட்டக் கலைஞர். நியூயார்க்கில் மேசிஸ் கடையின் நன்றித் திருநாள் ஊர்வலத்தில் 1927 முதல் பறக்கத் தொடங்கிய பெரிய பலூன் உருவங்களை வடிவமைத்தவர் அவர். மேரி எல்லனின் படங்கள் குடும்பத்தின் பைகளிலும் பெட்டிகளிலும் கிடந்து, 1983இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோதுதான் உலகம் அவரைக் கண்டது. 1985இல் கேரொலைன் டேவிட்சன் அவரைப் பற்றி நூல் எழுதினார்.

பெட்டிக்குள் கிடந்ததில் ஒரு நன்மை உண்டு. நீர்வண்ணத்துக்கு வெளிச்சம் எதிரி. விக்டோரியா காலத்தில் வரவேற்பறைச் சுவரில் மாட்டிய படங்களில் அவுரி நீலம் வெளுத்து, பூச்சிச் சிவப்பு மறைந்து, மாலை வானம் பழுப்பாகிப் போயிற்று. இது பெரிய சர்ச்சையாகி, 1888இல் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் ஒளி எந்தெந்த வண்ணத்தை அழிக்கிறது என்று சோதித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள். இன்று அருங்காட்சியகங்கள் நீர்வண்ணத்தின் மேல் 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி விழ விடுவதில்லை. அதனால்தான் அந்த அறைகள் அவ்வளவு மங்கலாக இருக்கின்றன. ஆல்பத்தை மூடியே வைத்திருந்த குடும்பங்களின் படங்களோ நேற்று வரைந்தவை போல இருக்கின்றன. பெரிய மனிதர்களின் வானம் வெளுத்துவிட்டது, ஸ்பெர்லிங் வீட்டுப் பெண்களின் உடையில் பட்ட நிறம் இன்னும் ஈரம் காயாததுபோல நிற்கிறது.

டிக்ஃபோர்டு பார்க் படத்தின் அச்சுப் பிரதியை வெளியே மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது அருகில் நின்று பாருங்கள். முதலில் முகங்களைப் பார்க்காதீர்கள். பசை தடவுகிறவரைப் பாருங்கள், தாளின் தலைப்பைப் பிடித்திருப்பவரைப் பாருங்கள், பிறகு வண்ணம் படாமல் விட்ட அந்த வெள்ளைத் தாளைப் பாருங்கள்.